ஓபோன் நெருப்பும் சயாம் போனவர்களும்

ஜப்பானின் பல பகுதிகளில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை ‘ஓபோன்’ நடக்கும். முன்னோர் ஆவி வழி தெரிந்து வீட்டுக்கு வரணும் என்று முதல் நாள் வாசலில் நெருப்பு மூட்டுவார்கள். அதன் பெயர் ‘முகாயெபி’. கடைசி நாள் வழியனுப்பும் நெருப்பு ‘ஒகுரிபி’. ஆகஸ்ட் 16 இரவு கியோத்தோவின் ஐந்து மலைகளில் எரியும் நெருப்பும் இந்த வழியனுப்புதான்.

நமக்கு இது புதுசு இல்லை. இறந்தவரைக் கிடத்திய இடத்தில் கருமாதி வரை விளக்கு எரியும். ஆடி அமாவாசைக்குப் படையல் உண்டு. திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கிறது.

ஒருவர் இறந்த நாள் குடும்பத்துக்கே தெரியாமல் போவது எப்படி? தோட்ட வரலாற்றில் இதற்குப் பதில் உண்டு.

1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் கைக்குப் போனது. அங்கிருந்து கம்பாருக்குப் போகும் பழைய சாலையில்தான் நம்ம சிம்பாங் பூலாய் இருக்கிறது. ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டத்தில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. 415 கி.மீ. நீள சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆள் தேவைப்பட்டது. நல்ல சம்பளம், சில மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டியும், வலுக்கட்டாயமாகப் பிடித்தும் மலாயாத் தோட்டத் தமிழர்களை ரயிலேற்றினார்கள்.

1943-இல் முகாம்களில் காலரா பரவியது. பிணங்களை மொத்தமாக எரித்தார்கள், குழிகளில் புதைத்தார்கள். கொள்ளி வைக்க உறவு யாரும் பக்கத்தில் இல்லை. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்பது ஒரு மதிப்பீடு. அவர்களில் தமிழர்கள் பெருந்தொகையினர்.

1944-இல் ஜப்பானிய இராணுவமே காஞ்சனாபுரியில் ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. அதில் தமிழ் வாசகமும் உண்டு. அதே ஊரின் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 நேசநாட்டுக் கைதிகள் அடக்கமாகியிருக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர் இருக்கிறது. தோட்டத் தமிழருக்கு அப்படித் தனிக்கல் கிடையாது. அவர்களுக்கென 2023-இல்தான் அங்கே நடுகல் வைக்கப்பட்டது.

மாணவர்களே, ஜப்பானிய ஆட்சியின் விளைவுகளை எழுதும்போது உணவுப் பஞ்சத்தோடு நிறுத்தாதீர்கள், இதையும் சேருங்கள். ஆசிரியர்கள் ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கலாம்: “நம்ம குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார்? பெயர் என்ன? எந்தத் தோட்டம்?” தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரட்டும். இறந்த நாள் கிடைக்காவிட்டாலும், விளக்கேற்றும்போது சொல்ல ஒரு பெயராவது கிடைக்கும்.