காற்றுத் தூணும் இரும்புக் குழாயும்

ஆஸ்திரேலியர்கள் காரின் பின்னால் கட்டி இழுத்துப்போகும் கேம்பர் டிரெய்லர் பாதி வண்டி, பாதி கூடாரம். மூடியைத் திறந்தால் மெத்தை, இழுத்தால் வெளியே வரும் அடுப்பு. மேலே விரிவது கான்வாஸ். அந்தத் துணியை நிமிர்த்துவது எது என்பதில்தான் இரண்டு கட்சி. இரும்பு, அலுமினியக் குழாய்கள் பழைய கட்சி. ஏர் ஓபஸ் போன்ற வண்டிகளில் குழாய்களுக்குப் பதில் காற்றடைத்த தூண்கள். 12 வோல்ட் பம்பை ஓடவிட்டால் கூடாரம் சில நிமிடங்களில் எழுந்துவிடும்.

காற்று என்றதும் எல்லோரும் கேட்பது பஞ்சரைப் பற்றி. அந்தப் பயம் சற்று மிகை. காற்றுப் பையின் மேல் கெட்டியான பாலியஸ்டர் உறை இருக்கிறது. முள் அதையும் தாண்டித்தான் பையைத் தொட வேண்டும். ஓட்டை விழுந்தாலும் பையை உருவி, சைக்கிள் டியூபுக்குப் போடுவதுபோல ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். காலை வாருவது பெரும்பாலும் வால்வுதான். மண் சாலையில் நாளெல்லாம் குலுங்கி வந்த வண்டியில் வால்வு வாயில் புழுதி ஒட்டியிருந்தால் காற்று சத்தமில்லாமல் கசியும். நள்ளிரவில் கூரை முகத்தருகே வந்த பிறகுதான் தெரியும்.

குழாய்க்கு இந்தச் சள்ளை இல்லை. ஆனால் பலத்த காற்றில் ஒருமுறை வளைந்த அலுமினியம் வளைந்ததுதான். காற்றுத் தூணோ அடிக்கும் காற்றுக்கு மடங்கிக் கொடுத்து, அது ஓய்ந்ததும் நிமிர்ந்துகொள்ளும். ஆக, காற்றடிக்கும் ஊரில் தூணுக்கே என் ஓட்டு.

குளிரில் கணக்கு மாறுகிறது. நியூ சவுத் வேல்ஸின் ஸ்னோயி மலைத்தொடரில் இருக்கும் சார்லட் பாஸில் 1994 ஜூன் மாதம் மைனஸ் 23 டிகிரி பதிவானது. அந்நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். அவ்வளவு வேண்டாம். மாலை 15 டிகிரியில் தூணுக்கு 7 பிஎஸ்ஐ காற்றடைத்து, விடியற்காலை மைனஸ் 5க்கு இறங்கினாலே போதும்: ஒரு துளி கசியாமலே அழுத்தம் ஏறக்குறைய ஐந்தரையாகிவிடும். குளிர்ந்த காற்று சுருங்குகிறது, அவ்வளவுதான். பஞ்சர் என்று பதறி ஒட்டுத்தாள் தேட வேண்டியதில்லை. படுக்கப்போகும் முன் இன்னொரு முறை பம்ப் போட்டால் தீர்ந்தது. வெயில் ஏறியதும் கொஞ்சம் இறக்கிவிட மட்டும் மறக்கக்கூடாது.

ஈரப்பனி கொட்டும் இரவில் இது வேறு மாதிரி முடியும். தளர்ந்த தூண் தாழும். தாழ்ந்த கூரையில் குழி விழும். குழியில் பனி மேலும் சேரும். இரும்புக் குழாய் அங்கே அசையாமல் நிற்கிறது. விறைத்த விரல்களோடு அதைப் பூட்டுவது தண்டனைதான், ஆனாலும் பனிக்காலத்துக்கு இரும்பையே நம்புவேன். காற்றுத் தூண் வாங்கியே தீருவேன் என்பவர் உள்ளே இருக்கும் பை எந்தப் பிளாஸ்டிக், டிபியுவா பிவிசியா என்று கேட்டு வாங்க வேண்டும். பிவிசி குளிரில் விறைக்கும், மடிப்பில் வெடிக்கும். டிபியு அதைவிட அதிகக் குளிரிலும் வளைந்து கொடுக்கும்.

குளிரைத் தடுப்பதில் இரண்டு கட்சிக்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை. தூண் எதுவானாலும் சுவர் ஒரு துணிதான். டீசல் ஹீட்டரின் சூடு, அணைத்த கையோடு வெளியேறிவிடும். குளிருக்குப் பயந்து காற்றோட்டச் சன்னல்களை எல்லாம் மூடினால் மூச்சின் ஈரம் கூரையிலிருந்து சொட்டும். மூடிய கூடாரத்துக்குள் கேஸ் அடுப்பைக் கணப்பாக எரிப்பவருக்குக் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே உலை.

அந்த ஈரக் கான்வாஸை அப்படியே மடித்துத்தான் ஊர் திரும்ப வேண்டியிருக்கும். ஓரிரு நாளில் விரித்துக் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்; கேம்பர் கூடாரத்தின் ஆயுளைத் தின்பது பெரும்பாலும் அதுதான். பம்ப் வைத்திருப்பவர் வாசலிலேயே பொத்தானை அமுக்கிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார். குழாய்க்காரர் அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்பார்.