பூட்டபிள் பென்டிரைவ்

பூட்டபிள் பென்டிரைவ் என்பது, கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள இயங்குதளத்தின் துணையின்றித் தானே கணினியைத் துவக்கவல்ல யூஎஸ்பி நினைவகம். ‘ஓஎஸ் போடுற பென்டிரைவ்’ என்பது சர்வீஸ் கடைகளின் வழக்கு. பெரும்பாலும் இதை ஓர் இயங்குதளத்தில் இருந்துகொண்டு வேறோர் இயங்குதளத்துக்காகத் தயாரிக்க வேண்டியிருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டம் போன்ற ஊர்ப்புறங்களில் இந்தத் தேவை தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளோடு சேர்ந்தே வந்தது.

விலையில்லா மடிக்கணினியும் பாஸ் லினக்ஸும்

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இத்திட்டத்தில் அரசுப் பள்ளிகள், அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. கொள்முதல் செய்தது எல்காட் நிறுவனம். தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், கூடவே இரண்டு இயங்குதளங்கள்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ். பாஸ் என்பது ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கம். சென்னை சிடாக் நிறுவனத்தார் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007இல் வெளியிட்டார்கள். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மெனு முதல் தட்டச்சு வரை பழகலாம்.

இந்த இரட்டை ஏற்பாடு பல வீடுகளில் நீடிக்கவில்லை. ஸ்டார்ட்டர் பதிப்பில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. மாணவர் கடைக்குப் போவார். கடைக்காரர் மொத்தமாக ‘ஃபார்மட் அடித்து’ வேறு விண்டோஸ் ஏற்றிக் கொடுப்பார். அதோடு பாஸும் போய்விடும். தமிழில் பேசும் ஓர் இயங்குதளம் கைக்கு வந்தும், திறந்து பார்க்கப்படாமலே அழிந்தது பெரிய இழப்பு.

விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14இல் நிறுத்தியது. 2023இல் வந்த குரோம் 109தான் அதில் ஓடும் கடைசி குரோம். எனவே வங்கித் தளமோ, தேர்வு விண்ணப்பமோ சரியாகத் திறக்காமல் மடிக்கணினி பரணுக்குப் போகிறது. பழுது கணினியில் இல்லை. லுபுண்டு, ஆன்டிஎக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ முகப்புடன் வரும் டெபியன் போன்ற எடை குறைந்த லினக்ஸ்கள் 2 ஜிபி ரேமிலும் ஓடும். அவற்றை ஏற்றத்தான் இந்தப் பென்டிரைவ்.

காப்பி செய்தால் ஏன் பூட் ஆகாது

இயங்குதளம் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாகக் கிடைக்கும். பாட்டுக் கோப்பைப் போல அதைப் பென்டிரைவில் காப்பி செய்து, கணினி எழவில்லையே என்று தவிப்பவர்கள் ஏராளம். பழைய பயாஸ் முறைக் கணினிக்குக் கோப்பு என்ற ஒன்றே தெரியாது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டை (எம்பிஆர்) மட்டும் நினைவகத்துக்கு எடுத்து, அதிலுள்ள நிரலை ஓட்டும். அந்த 512இல் துவக்க நிரலுக்கு 446 பைட், பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64 பைட், கடைசி 2 பைட்டில் அடையாள முத்திரை. முத்திரை இல்லாவிட்டால் அது பூட் டிஸ்க் இல்லை என்று பயாஸ் கடந்துபோகும். பின்னாளில் வந்த யூஇஎஃப்ஐ முறை ஃபேட்32 பார்ட்டிஷனைத் திறந்து, ‘இஎஃப்ஐ’ என்ற ஃபோல்டருக்குள் குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைத் தேடும். ஆகவே ஐஎஸ்ஓவை எழுதவேண்டும். அதாவது, அதன் உள்ளடக்கம் டிஸ்க்கில் உரிய இடத்தில் பதியவேண்டும்.

சிடிக்கென அமைந்த ஐஎஸ்ஓ பென்டிரைவிலும் துவங்குவதற்குக் காரணம், சிஸ்லினக்ஸ் திட்டத்தில் பிறந்த ஐஎஸ்ஓஹைபிரிட் என்னும் உத்தி. அதற்கு முன்பு பெரும்பாலும் சிடிதான் கதி. உபுண்டுவின் ‘ஷிப்இட்’ சேவையில் பெயர் கொடுத்தால் சிடி இலவசமாகத் தபாலில் வரும். 2011இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு

முதல் தடை டேட்டா. நாளொன்றுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி கொடுக்கும் செல்போன் திட்டத்தில் 3 ஜிபி ஐஎஸ்ஓ ஒரே நாளில் இறங்காது. விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோடரோ டோரண்ட்டோ வேண்டும். டெபியனின் நெட்இன்ஸ்ட் பதிப்பு 1 ஜிபிக்கும் குறைவு. ஆனால் நிறுவும்போது இணையம் கேட்கும். இறங்கியதும், தளத்தில் தந்துள்ள எஸ்ஹெச்ஏ256 எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். பாதியில் அறுந்த கோப்புதான் பல தோல்விகளுக்கு மூலம்.

எழுதுவதற்கு ரூஃபஸ் என்ற மென்பொருள் போதும். அதன் 4.0 பதிப்பு முதல் விண்டோஸ் 8 தேவை என்பதால், விண்டோஸ் 7 கணினியில் 3.22 பதிப்பையே எடுக்கவேண்டும். பழைய மடிக்கணினிக்குப் பார்ட்டிஷன் முறையாக எம்பிஆரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 2020இல் வந்த வென்டாய் வேறு வகை. ஒருமுறை அதைப் பென்டிரைவில் நிறுவிவிட்டால், பிறகு ஐஎஸ்ஓக்களைச் சும்மா காப்பி செய்தாலே போதும். துவங்கும்போது எது வேண்டுமென்று பட்டியல் காட்டும். பல ஊர்க் கணினிகளைப் பார்ப்பவருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. வீட்டில் ஓடும் கணினியே இல்லையென்றால், எட்ச்டிராய்ட் என்ற ஆண்ட்ராய்டு செயலியும் ஓடிஜி கேபிளும் கொண்டு செல்போனிலிருந்தே லினக்ஸ் ஐஎஸ்ஓவை எழுதலாம்.

எழுதும் கணினியிலேயே லினக்ஸ் ஓடினால், அதில் டிடி என்ற கட்டளை உண்டு. கேள்வி கேட்காமல் எழுதும், அதனால்தான் ஆபத்து. எழுதுமுன் எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கொடுத்தால் டிஸ்க்குகளின் பட்டியல் வரும்: எஸ்டிஏ என்ற வரியில் 298.1ஜி, எஸ்டிபி என்ற வரியில் 14.9ஜி. முதலாவது 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், இரண்டாவது 16 ஜிபி பென்டிரைவ். 1024இன் மடங்காகக் கணக்கிடுவதால் எண் குறைகிறது. ‘பி’ வரவேண்டிய இடத்தில் ‘ஏ’ விழுந்தால், கல்யாணப் படங்கள் முதல் கல்லூரிப் புராஜெக்ட் வரை சில நொடியில் சிதையும்.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு

மறுதிசை சற்றுக் கடினம். விண்டோஸ் ஐஎஸ்ஓ ஹைபிரிட் அல்ல. டிடியால் எழுதினால் பென்டிரைவ் துவங்காது. ஃபேட்32இல் உள்ளடக்கத்தைப் பிரித்துப் போடலாம் என்றால், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூடாது, ‘இன்ஸ்டால்.விம்’ கோப்போ பல பதிப்புகளில் அதைத் தாண்டுகிறது. விம்லிப் கருவி கொண்டு அந்தக் கோப்பைத் துண்டாக்கலாம், வோயூஎஸ்பி என்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம், அல்லது வென்டாயிடம் விட்டுவிடலாம்.

துவக்குதல்

லெனோவோ, ஏசர், டெல் மடிக்கணினிகளில் பொதுவாக எஃப்12, ஹெச்பியில் எஃப்9 அழுத்தினால் பூட் மெனு வரும். ஏசரில் முதலில் எஃப்2 வழியே பயாஸுக்குள் போய் எஃப்12 மெனுவை இயக்கவேண்டி வரலாம். மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்ததும், லைவ் பதிப்பு என்றால், லினக்ஸ் ‘லைவ்’ முறையில் எழும். வைஃபை, ஒலி, தமிழ்த் தட்டச்சு எல்லாம் ஓடுகிறதா என்று ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே பார்க்கலாம். படங்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றவும் இதுவே தக்க நேரம். பேட்டரி செத்த கணினியில் எழுதும்போது கரண்ட் போனால் பென்டிரைவ் கெடாது. மறுபடி முதலிலிருந்து எழுதினால் சரி. நிறுவிக்கொண்டிருக்கையில் போவதுதான் தொல்லை.

சந்தேகம் கேட்க ஆள் தேடுவோருக்குக் காஞ்சிபுரத்தில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. அதன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் தமிழிலேயே கேட்கலாம். 2012 முதல் வரும் கணியம் இதழும் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது.

பழைய நிலைக்குத் திருப்புதல்

வேலை முடிந்த பென்டிரைவை விண்டோஸில் செருகினால் 16 ஜிபிக்குப் பதில் சில எம்பி மட்டும் தெரியக்கூடும். கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடவேண்டாம். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளையில் உரிய டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ‘கிளீன்’ கொடுத்து, புதிதாகப் பார்ட்டிஷன் போட்டு ஃபார்மட் செய்தால் முழுக் கொள்ளளவும் திரும்பிவிடும். லினக்ஸில் ‘டிஸ்க்ஸ்’ செயலியே இதைச் செய்யும்.