ஊரணி எந்தப் பக்கம்? நாலு எல்லையின் கதை

இந்த எபிசோட் நான் பண்ணின ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது.

மேலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் புஞ்சை இருக்கு. ஒரு கடனுக்காக அதோட பத்திரத்தை இங்கிலீஷ்ல கேட்டாங்க. "நான் பண்ணித் தர்றேன்ப்பா"ன்னு உட்கார்ந்தேன். நான்கு மால், அதாவது நாலு பக்க எல்லை, அதுல இப்படி இருந்தது: ஊரணிக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு... நான் 'வெஸ்ட்: ஊரணி, நார்த்: வண்டிப்பாதை'ன்னு டைப் பண்ணிட்டேன்.

வக்கீல் படிச்சிட்டுச் சொன்னார்: "தம்பி, நிலத்தையே திருப்பி வச்சிட்டீங்களே!"

ஊரணிக்கு மேற்கே இருப்பது நிலம். அப்படின்னா நிலத்துக்குக் கிழக்கு எல்லைதான் ஊரணி. இங்கிலீஷ்ல 'வெஸ்ட் ஆஃப் தி டேங்க்' என்றால் நிலம் ஊரணிக்கு வெளியே, மேற்கே இருக்கு. 'இன் தி வெஸ்ட் ஆஃப் தி டேங்க்' என்றால் நிலமே ஊரணிக்குள்ள போயிடும்! 'பவுண்டட் ஆன் தி ஈஸ்ட் பை தி டேங்க்' என்றால் நிலத்துக்குள்ள நின்னு கிழக்கே பார்க்கிறோம். கேள்வி ஒண்ணுதான்: எங்கே நின்னு திசை சொல்றோம்?

இந்தக் கேள்விக்கு நம்ம ஊர்ல ரொம்பப் பழைய பதில் ஒண்ணு இருக்கு. 8-ஆம் நூற்றாண்டு. பாண்டியன் நெடுஞ்சடையனோட 3-ஆவது ஆட்சியாண்டு. மதுரையில ஒருத்தர் ராஜாகிட்ட முறையிடுறார்: "வேள்விக்குடி எங்க முன்னோருக்கு முதுகுடுமிப் பெருவழுதி கொடுத்த ஊர். களப்பிரர் பறிச்சிட்டாங்க." ராஜா ஆதாரம் கேட்கிறார். அவர் காட்டுறார். ஊர் திரும்பக் கிடைக்குது. அதைப் பதிவு பண்ணினதுதான் வேள்விக்குடிச் செப்பேடு.

பறிபோய்த் திரும்பி வந்த ஊர், எல்லையில குழப்பம் வரலாமா? அதனால இப்படி எழுதுறாங்க: கிழக்கு எல்லை, இன்ன ஊர் எல்லைக்கு மேற்கு. தெற்கு எல்லை, இன்ன வயலுக்கு வடக்கு. ஒவ்வொரு எல்லைக்கும் ரெண்டு திசைச் சொல். ஒண்ணு நிலத்துக்குள்ள இருந்து, இன்னொண்ணு வெளியில இருந்து. ஒண்ணைத் தப்பா எழுதினா இன்னொண்ணு காட்டிக் கொடுத்திடும். நம்ம பாஷையில சொன்னா, செக்சம்! சோழர் கல்வெட்டுகள்லயும் இதே முறையைப் பார்க்கலாம். எங்க பத்திரத்துல பாதிதான் மிச்சம் இருந்தது. அங்கேதான் நான் விழுந்தேன்.

அந்தக் காலத்துச் சாசனங்கள்ல கிழக்குப் பக்கம் 'கீழ்பால்', மேற்குப் பக்கம் 'மேல்பால்'. மேற்குத் தொடர்ச்சி மலை உயரம், வங்கக் கடல் தாழ்வு. வைகையும் அப்படித்தான் ஓடுது. அதே சொற்கள்தான் இன்னைக்கும் மேல மாசி வீதி, கீழ மாசி வீதின்னு போர்டுல நிக்குது. ஆனா மொபைல் மேப்ல 'மேல' என்றால் வடக்கு. மேப் பார்த்து வளர்ந்த நாம தடுமாறுற இடம் இதுதான். மேல மாசி வீதி, 'வெஸ்ட் மாசி ஸ்ட்ரீட்'. 'அப்பர்'னு எழுதிடாதீங்க, 'நார்த்'னும் தேடாதீங்க.

அதனால மக்களே, வீட்டுப் பத்திரத்தை எடுத்து நான்கு மாலை ஒரு தடவை படிங்க. இங்கிலீஷ்ல மாத்தும்போது பாண்டியர் மாதிரி ரெண்டு பக்கமும் எழுதிப் பாருங்க. எங்க ஊரணி இப்போ கிழக்கே பத்திரமா இருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.