தனிக்குரல் வைத்த தேர்வு

இணைய வானொலி கேட்கும் நேயர்கள், அவ்வொலியைச் செம்மையாக்க உதவிய ஒரு பெண்குரலை அறிதல் நன்று. இறுவட்டின் இசை செக்கனுக்கு 1411 கிலோபிற் தரவை வேண்டும். அன்றைய தொலைபேசிக் கம்பி அதனைத் தாங்காது. ஜேர்மனியின் ஏர்லாங்கன் நகரில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் குழுவினர், செவி உணராத ஒலிகளைக் கணினி நிரலால் களைந்து அதைச் சுருக்கினர். பிற இசைக்கு இசைந்த அந்நிரல், 1987இல் சுசான் வேகா பக்கவாத்தியமின்றிப் பாடி வெளியிட்ட பாடலைச் சிதைத்தது. துணையின்றி ஒலிக்கும் குரலில் பிழை ஒளிய இடமேது? அப்பாடலையே திரும்பத் திரும்பக் கேட்டு நிரலைத் திருத்தினர். 1995இல் அதன் கோப்புகள் எம்பி3 எனப் பெயர் பெற்றன.

குரலெழுத்துப் பிறக்கும் எட்டிடங்களைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்தார். தமிழ் கற்பிக்கும் நான் காண்பது இதுதான்: நாம் நன்கறிந்த ஒலி மனிதக்குரல், கணினிக்கும் அதுவே உரைகல்.