தகரவில்லை முதல் பயோடேட்டா வரை: இராமநாதபுரக் கரையில் வேலை தேடலின் நூற்றாண்டு

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் என்று இலங்கைக்கு நேர்வழி பிறந்தது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் சீமைகளில் பஞ்சம் பிழைக்கக் கிளம்பிய கூலிக் குடும்பங்கள் இந்தக் கரை வழியாகத்தான் தேயிலைத் தோட்டங்களுக்குப் போயின. இடையில் மண்டபம் முகாம். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய அந்த முகாமில் தொற்றுநோய்க் கண்காணிப்பு முடியும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவன் தன்னைப் பற்றிய சான்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது என்ற வழக்கம் இந்தக் கரையில் எப்படி வளர்ந்தது என்று தேடினால், முதலில் வந்து நிற்க வேண்டிய இடம் இதுதான்.

அந்தச் சான்று காகிதம்கூட இல்லை. 1900களின் தொடக்கத்தில் வழக்கத்துக்கு வந்த சிறிய தகரவில்லை அது. வில்லையில் தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்திருக்கும். கயிற்றில் கோத்து உடம்பில் கட்டிக்கொண்டால் தோட்டம் வரை பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறிவிடும். ஆளின் பெயரோ ஊரோ அவனுக்குத் தெரிந்த தொழிலோ அதில் இல்லை. எந்தத் தோட்டத்துக்குச் சேர வேண்டிய சரக்கு என்பதை மட்டும் அது சொன்னது.

தோட்டத்துக்குள் போனபின் வேறொரு சீட்டு அவனை ஆண்டது. அதன் பெயர் துண்டு. ஆள் திரட்டி வேலை வாங்கும் கங்காணி இன்னாரின் கூட்டத்தில் இருக்கும் இத்தனை பேரை, இவ்வளவு கடனைக் கட்டினால் விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது அது. அடுத்த தோட்டத்துரை அந்தத் தொகையைக் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொள்வார். கவ்வாத்து வெட்டுவதிலோ கொழுந்து கிள்ளுவதிலோ எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் அதற்குத் துண்டில் இடமில்லை. தொழிலாளியின் ஒரே தகுதியாக அதில் பதிவானது கடன். 1921இல் இலங்கைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1939 ஆகஸ்ட் 1 முதல் தொழிற்பயிற்சி இல்லாத கூலிகள் இலங்கை செல்வதையே இந்திய அரசு தடை செய்தது.

அதன்பின் சான்றெழுதும் பேனா அரசின் கைக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தர 1945இல் இந்தியாவில் தொடங்கிய ஏற்பாடு, பின்னாளில் எல்லோருக்குமான வேலைவாய்ப்பு அலுவலகமாக விரிந்தது. காலியிடங்களை அந்த அலுவலகத்துக்கு அறிவித்தே ஆக வேண்டும் என்று 1959இல் சட்டம் வந்தது. பத்தாவது தேறிய கையோடு பதிவு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல், பதிவு மூப்பு: தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையின் நம்பிக்கை முழுவதும் அந்த அட்டையில் தங்கியிருந்தது. 1985இல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை இராமநாதபுரம் மாவட்டத்தின் தலைமையிடமே மதுரையில்தான் இருந்தது. இராமேஸ்வரம் தீவுப் பிள்ளைக்கு அரசாங்கம் எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதை இதிலிருந்தே கணிக்கலாம்.

இந்தக் காலத்தில் இராமேஸ்வரத்திலிருந்து வேலை தேடிப் போனவர்களில் உலகமறிந்தவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளி, திருச்சி தூய வளனார் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்று படித்தவர். விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார், எடுக்கப்பட்டவர்கள் எட்டுப் பேர். 1958இல் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்ப இயக்ககத்தில் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தார். இந்தத் தோல்வியும் வேலையும் பலருக்கும் தெரிந்த கதை. ஆய்வாளர் நின்று பார்க்க வேண்டியது அடுத்த கட்டத்தை. பெங்களூரில் அவர் குழு உருவாக்கிய ‘நந்தி’ என்ற மிதவை ஊர்தியை இயற்பியலாளர் எம்.ஜி.கே. மேனன் நேரில் வந்து பார்த்தார், அதைப் பற்றி விசாரித்தார். சில நாட்களில் விண்வெளி ஆராய்ச்சிக் குழுவின் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அந்த நேர்முகத்தை நடத்திய விக்ரம் சாராபாயின் முன் கலாமை உட்கார வைத்தது அவர் செய்து காட்டிய பொருள். பட்டமும் மதிப்பெண்ணும் அதற்குப் பின்னால்தான் நின்றன. நல்ல பயோடேட்டாவுக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் இந்த மாவட்டத்தின் வரலாற்றில் கிடைக்காது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பிடியும் பின்னர் தளர்ந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியல் மட்டும் போதாது, பத்திரிகை விளம்பரம் கொடுத்து நேரடியாக விண்ணப்பிப்பவர்களையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. 2014இல் மத்திய அரசு, கெசட்டட் அதிகாரியின் கையெழுத்துக்குப் பதிலாக விண்ணப்பதாரரே தன் சான்றுகளுக்குக் கையொப்பமிடலாம் என்ற முறையைப் பரவலாக்கியது. துரை எழுதியதும் அதிகாரி எழுதியதும் போய், தொழிலாளியே தன்னைப் பற்றி எழுதும் காலம் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

ஆனால் எழுதும் உரிமை கிடைத்தவர்கள் என்ன எழுதுகிறார்கள்? ஊர் ஊராக ஜெராக்ஸ் கடைகளில் ஒரே அச்சு பயோடேட்டா. தந்தை பெயர், மதம், திருமண நிலை, கீழே ‘கடின உழைப்பாளி’. வேலை கொடுப்பவர் தேடும் செய்தி அதில் எங்குமில்லை. விசைப்படகில் பத்து வருஷம் டிரைவராக இருந்தவர் ‘மீன்பிடி அனுபவம்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார். படகின் நீளம், எஞ்சினின் குதிரைத்திறன், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் கையாண்டது, நடுக்கடலில் பழுது பார்த்தது எல்லாம் அவர் வாயில் இருக்கின்றன, தாளில் இல்லை. வளைகுடா நாடுகளில் படகுவேலைக்கு ஆள் எடுப்பவர் பார்ப்பதோ அந்தத் தாளை மட்டும்தான்.

பாம்பன், சின்னப்பாலம் பகுதியில் கடற்பாசி எடுக்கும் பெண்களின் நிலை இன்னும் கவலை தருவது. மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் தண்ணீருக்குள்ளேயே பிரித்தறியும் கண் அவர்களுடையது. மூங்கில் மிதவையில் பாசி கட்டி 45 நாளில் அறுவடை செய்யும் நுட்பமும் இந்தக் கரைப் பெண்களிடம் இருக்கிறது. இதே மாவட்டத்தின் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே வேலைகள் வரும்போது பட்டதாரியின் அச்சுத்தாளுக்கு முன்னால் இவர்கள் வெறுங்கையோடு நிற்கக் கூடாது.

தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சி நடத்தும் கல்லூரிகளும், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும், மகளிர் குழுக்களும் இதைக் கையிலெடுக்க வேண்டும். கடலில் செய்த வேலையை ஆண்டு, கருவி, அளவு, விளைச்சல் என்று எழுதவைத்து, ஒரே பக்கத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும்.