28 நாளும் சிவப்பு மையும்

போன மாதம் காலை நடையின்போது மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் கேட்டார். "ஏன் சார், உங்க மிலிட்டரியில கோர்ட்டு, வக்கீல் எதுவும் இல்லாமலே ஆளை ஜெயில்ல போடுவாங்களாமே, நெஜமா?" நிஜம்தான் என்றேன். அவர் நம்பவில்லை. "அதெப்படி, ஒரு சஸ்பென்ஷன் ஆர்டர் போடவே எங்க ஆபீஸ்ல ஆறு மாசம் ஆகுமே!" என்றார். நின்றுகொண்டே சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1978-ல் ராணுவத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, 2004-ல் நாயப் சுபேதாராக வெளியே வந்தவன் நான். துப்பாக்கி பிடித்ததைவிட டைப்ரைட்டர் பிடித்த நாள்தான் அதிகம். ஆர்டர்லி ரூம் விசாரணைகள் எத்தனையோ நடந்து, அவற்றின் காகிதமெல்லாம் என் மேஜை வழியாகத்தான் போயின.

ஆர்டர்லி ரூம் என்றால் வேறொன்றுமில்லை, சிஓ சாப் உட்காரும் அறைதான். பெரும்பாலும் காலை வேளையில் நடக்கும். குற்றம் சாட்டப்பட்ட ஜவானின் தொப்பியையும் பெல்ட்டையும் வெளியிலேயே கழற்றி வாங்கிவிடுவார்கள். சுபேதார் மேஜரின் குரல் கேட்கும். முன்னே ஒரு ஆள், பின்னே ஒரு ஆள், நடுவில் இவன் என்று வேகநடையில் உள்ளே கொண்டுபோய் நிறுத்துவார்கள். சிஓ குற்றச்சாட்டை வாசிப்பார். சாட்சி இருந்தால் சொல்வார். "குச் கஹ்னா ஹை?" என்று ஒரு கேள்வி. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அர்த்தம். "நஹீன் சாப்" என்று பதில். தீர்ப்பு. திரும்பி வேகநடை. பல சமயம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

சட்டத்தில் இதைவிட அதிகமாகவே இருக்கிறது. 1954-ம் வருஷத்து ராணுவ விதிகளில் 22-வது விதி, சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்கவும், தன் பக்கத்துச் சாட்சியை அழைக்கவும் ஜவானுக்கு முழு உரிமை தருகிறது. ஆனால் தொப்பியில்லாத தலையோடு விறைத்து நிற்கிற இருபத்திரண்டு வயதுப் பையன், தன் கம்பெனி சுபேதாரையே குறுக்குக் கேள்வி கேட்பதை நான் என் சர்வீசில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் பார்த்ததில்லை.

தண்டனை என்னென்ன என்பதை 1950-ம் வருஷத்து ராணுவச் சட்டம் 80-வது பிரிவில் வைத்திருக்கிறது. ராணுவக் காவலில் 28 நாள் வரை சிறை. அல்லது 28 நாள் வரை தடுப்பு. அல்லது லைன்ஸை விட்டு வெளியே போகாமல் 28 நாள். கூடுதல் காவல் வேலை, நன்னடத்தைப் படி பறிப்பு, மாதத்தில் 14 நாள் சம்பளம் வரை அபராதம் என்று அது நீளும். ஒன்றுக்கு மேல் சேர்த்துக் கொடுத்தாலும் அடைத்துவைப்பது மொத்தம் 42 நாளைத் தாண்டக் கூடாது. நாயக், ஹவில்தார் போன்றவர்களை இப்படி அடைத்துவைக்க முடியாது. அவர்களுக்குக் கண்டனம், கடும் கண்டனம் என்று வேறு வகை. சாதாரண ஜவானுக்குத்தான் 28 நாள். எங்கள் பேச்சில் "28 நாள் ஆர்.ஐ." என்போம், கடுங்காவல். குவார்ட்டர் கார்டில் இருக்கிற சின்ன அறையில் அடைப்பு, பகலெல்லாம் புல் வெட்டு, முதுகில் பிட்டு மாட்டிக்கொண்டு ஓட்டம். அந்த நாட்களுக்குச் சம்பளமும் கிடையாது.

இதைக் கேட்டதும் கொடுமை என்று தோன்றும். எல்லாக் கமாண்டர்களும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் வீடு போய், தாயாரும் இறந்து, லீவு முடிந்து ஒன்பது நாள் கழித்து வந்த ஒரு பையனை என் கண்முன்னே ஒரு சிஓ விசாரித்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்து, அந்த ஒன்பது நாளையும் லீவிலேயே கழிக்கச் சொன்னார். தள்ளுபடி செய்யும் அதிகாரமும் அதே 22-வது விதியில்தான் இருக்கிறது. வழக்கு, வாய்தா என்று போயிருந்தால் அந்தப் பையனுக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? நம் வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10-ம் தேதி நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு இரண்டு மாதம் முன்பே புதிய தலைப்பாகையை மறுத்த சிப்பாய்களைச் சென்னைக்குக் கொண்டுபோய் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். சிலருக்குக் கசையடி கொடுத்து வேலையிலிருந்து நீக்கினார்கள். கசையடி அன்று சாதாரணம். பென்டிங்க் பிரபு 1835-ல் இந்தியச் சிப்பாய்களுக்கு அதை நிறுத்தினார். பத்தே வருஷத்தில், 1845-ல், ஹார்டிங் திரும்பக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு 1881-ல் கசையடி ஒழிந்தது. நம் ஆட்களுக்கு 1920-ல்தான். முதல் உலகப் போரில் அவர்களுக்காகப் போய்ச் செத்தவர்கள் முதுகில் சவுக்குப் பட்ட முதுகுகளும் உண்டு என்று அர்த்தம்.

ஆனால் கமாண்டரின் கையில் முழு அதிகாரம் வந்து சேர்ந்ததற்கு 1857 தான் காரணம். மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரைப்படை வீரர்களை விசாரித்த ராணுவ நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்திய அதிகாரிகளே. அவர்களே குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னார்கள். மே 9-ம் தேதி எல்லோர் முன்னிலையிலும் விலங்கு மாட்டினார்கள். மறுநாள் மீரட் பற்றி எரிந்தது. கலகம் அடங்கிய பிறகு வெள்ளை அதிகாரிகள் ஒரு விளக்கம் சொன்னார்கள். ரெஜிமென்ட் கமாண்டரின் கையைக் கட்டிப்போட்டு, எல்லாவற்றையும் தலைமையகம் பார்த்ததால்தான் சிப்பாய்க்குப் பயம் விட்டுப்போயிற்று என்று. அந்த விளக்கம் எவ்வளவு சரி என்பது வேறு. அதிலிருந்து பிறந்ததுதான் சம்மரி கோர்ட் மார்ஷல். 1869-ம் வருஷத்துச் சட்டம், பிறகு 1911-ம் வருஷத்து இந்திய ராணுவச் சட்டம் என்று தொடர்ந்து, சுதந்திரத்துக்குப் பிறகு 1950-ம் வருஷத்துச் சட்டத்திலும் அப்படியே ஏறி உட்கார்ந்துகொண்டது. பாகிஸ்தானின் 1952-ம் வருஷத்துச் சட்டத்திலும் அது உண்டு. சண்டை போட்டுப் பிரிந்த இரண்டு ராணுவமும் இதை மட்டும் விடவில்லை.

பெயரில் கோர்ட் இருக்கிறதே தவிர, அந்தக் கோர்ட் என்பது சிஓ ஒருவரே. கூட இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரியாக இருந்தால் ஒரு வருஷம் வரை சிறை விதிக்கலாம், வேலையை விட்டே நீக்கலாம். மேலிடத்தின் ஒப்புதல் தேவையில்லை, உடனே நிறைவேற்றலாம். புகார் கொடுத்தவரும், விசாரித்தவரும், தீர்ப்புச் சொன்னவரும் ஒரே ஆளாக இருந்த வழக்குகள் இப்படித்தான் உண்டாயின.

அப்படி ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. மேலதிகாரிக்கு நேராக மனு அனுப்பினான் என்பதற்காக 28 நாள் கடுங்காவலில் இருந்த ஒரு சிக்னல்மேன். அந்தக் காவலில் இருக்கும்போது சாப்பிடச் சொன்ன உத்தரவை மீறிச் சாப்பிடவில்லை. அதற்காகச் சம்மரி கோர்ட் மார்ஷல், ஒரு வருஷச் சிறை, வேலை நீக்கம். அவன் எந்த அதிகாரிமேல் மனுப் போட்டிருந்தானோ அதே அதிகாரிதான் நீதிபதி நாற்காலியில். 1987-ல் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்து, அவனைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் செய்தி எங்கள் யூனிட்டுக்கு வந்தபோது கிளார்க்குகள் மட்டும் மெதுவாகப் பேசிக்கொண்டோம்.

இதெல்லாம் பெரிய வழக்கு, பேப்பரில் வரும். என் மனதை அரிப்பது பேப்பரில் வராத 28 நாள்.

ஒவ்வொரு ஜவானுக்கும் நடத்தைப் பதிவேடு உண்டு. சில்லறைத் தண்டனையைக் கறுப்பு மையில் எழுதுவோம். சிறை போன்ற கனமான தண்டனையைச் சிவப்பு மையில் எழுதுவோம். 28 நாள் முடிந்துவிடும், புல் வெட்டிக் காய்த்த கையும் ஆறிவிடும். சிவப்பு மை ஆறாது. நான்கு சிவப்புப் பதிவு சேர்ந்துவிட்டால், வேண்டாத ஆள் என்று 13-வது விதியின் கீழ் வீட்டுக்கு அனுப்பலாம். 1988 டிசம்பரில் தலைமையகம் அனுப்பிய உத்தரவில் அதற்கு முறை எழுதியிருந்தது. விசாரணை நடத்த வேண்டும், ஆளின் சர்வீசைப் பார்க்க வேண்டும், பென்ஷனுக்கு எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும் என்று. பல இடத்தில் "நாலு ஆச்சா, அனுப்பு" என்ற ஒரு வரிதான் நடைமுறை.

என்னோடு ஒரே யூனிட்டில் ஒருவர் இருந்தார். ஆந்திரப் பக்கம், நெல்லூருக்கு அந்தாண்டை. வண்டி ஓட்டுவதில் கெட்டி. பனி மலையில் இரண்டு முறை போஸ்டிங் முடித்தவர். குடி உண்டு. மூன்று முறை லீவு முடிந்து தாமதமாக வந்தார், ஒரு முறை குடித்துவிட்டு ரோல்காலில் நின்றார். நான்கும் ஆர்டர்லி ரூமிலேயே முடிந்தவை. ஒன்றுக்குக்கூட வக்கீல் இல்லை, எழுத்தில் சாட்சி இல்லை. நான்காவது பதிவை எழுதியது நான். சிவப்பு மை புட்டியைத் திறக்கும்போது, "அண்ணா, இது நாலாவதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். 1996-ல் அவரை அனுப்பிவிட்டார்கள். சர்வீஸ் பதிமூன்று வருஷமும் சில மாதங்களும். பென்ஷனுக்கு 15 வருஷம் வேண்டும்.

அவர் தப்பே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் 28 நாள் அனுபவித்துத் தீர்த்த தப்பைக் கூட்டிக் கழித்து ஆயுளுக்கும் பென்ஷன் இல்லை என்று ஆக்கியபோது, அந்தக் கடைசித் தண்டனையை எந்த நீதிபதி கொடுத்தார்? நான் கையெழுத்துக்கு வைத்த காகிதம் கொடுத்தது.

இதில் இன்னொன்று உண்டு. அதிகாரிகளுக்கும் கோர்ட் இல்லாத தண்டனை உண்டு, 84-வது பிரிவில். ஆனால் அவருடைய சீனியாரிட்டியைக் குறைப்பதாக இருந்தால், "எனக்குக் கோர்ட் மார்ஷலே வையுங்கள்" என்று கேட்கும் உரிமையை அதே பிரிவு கொடுக்கிறது. 80-வது பிரிவில் நிற்கிற ஜவானுக்கு அந்த உரிமை இல்லை. அமெரிக்காவில் கப்பலில் இருப்பவர் தவிர எந்தச் சிப்பாயும் கமாண்டரின் தண்டனையை மறுத்துக் கோர்ட் கேட்கலாம். இந்த முறையை நமக்கு விட்டுப்போன பிரிட்டனே 1996-லும் 2000-லும் சட்டத்தை மாற்றி அந்த உரிமையை விரிவாக்கியது, மேல்முறையீட்டுக்குத் தனி நீதிமன்றமும் வைத்தது. நமக்கு 2009-ல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வந்தது, சென்னையிலும் ஒரு கிளை உண்டு. அங்கேயும் சம்மரி கோர்ட் மார்ஷலை எதிர்த்துப் போக வேண்டுமானால் வேலை நீக்கமோ மூன்று மாதத்துக்கு மேல் சிறையோ இருக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் மெதுவாகத்தான் இந்தப் பக்கம் திரும்பியது. 2015-ல், நான்கு சிவப்புப் பதிவு என்பதற்காகவே ஒருவரை அனுப்பிவிட முடியாது, அவருடைய சர்வீசையும் கஷ்டமான போஸ்டிங்குகளையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அனுப்பப்பட்ட ஒரு வீரருக்குப் பென்ஷனுக்கான சர்வீஸ் பூர்த்தியானதாகக் கொள்ளச் சொன்னது. 2016-ல், சம்மரி கோர்ட் மார்ஷல் விதிவிலக்காகத்தான் இருக்க வேண்டும், உடனே நடவடிக்கை தேவை என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்றது.

2015 தீர்ப்பைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய ஆட்களிடம் விசாரித்து, மூன்று மாதம் கழித்து அவருடைய நம்பர் கிடைத்தது. குரல் மாறவில்லை. குடியை விட்டுப் பத்து வருஷம் ஆச்சு என்றார். ஒரு பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கரையான் அரித்துவிட்டது அண்ணா, நம்பர்கூட முழுசா ஞாபகம் இல்லை என்றார்.

எனக்கு ஞாபகம் இருந்தது. ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு நகல் கேட்டு மனுவை நானே தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்பினேன்.