அல்த்தாய் குடியரசு

அல்த்தாய் குடியரசு ரஷ்யக் கூட்டமைப்பைச் சேர்ந்த குடியரசுகளுள் ஒன்றாகும். தெற்குச் சைபீரியாவில் அல்த்தாய் மலைத்தொடரின் நடுவே அமைந்துள்ள இது, கசக்ஸ்தான், சீனா, மங்கோலியா ஆகிய மூன்று நாடுகளுடன் எல்லையைக் கொண்டுள்ளது. பரப்பளவு ஏறத்தாழ 92,900 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 2,10,000. தலைநகரான கோர்னோ-அல்த்தாய்ஸ்க் இங்குள்ள ஒரே நகரமும் ஆகும். குடியரசில் தொடருந்துப் பாதை கிடையாது. மிக அருகிலுள்ள தொடருந்து நிலையம் பீஸ்க் நகரில், எல்லைக்கு வெளியே உள்ளது.

இதன் வடக்கிலும் வடமேற்கிலும் அமைந்துள்ள அல்த்தாய் கிராய் என்பது வேறொரு நிர்வாகப் பிரிவாகும். பர்னவூலைத் தலைநகராகக் கொண்ட அப்பகுதி பெரும்பாலும் சமவெளி. பெயர் ஒற்றுமையால் இவ்விரண்டும் அடிக்கடி குழப்பிக் கொள்ளப்படுகின்றன.

புவியியல்

குடியரசின் தெற்கே கசக்ஸ்தான் எல்லையில் எழும் பெலூகா (சுமார் 4,500 மீட்டர்) சைபீரியாவின் மிக உயர்ந்த சிகரமாகும். அதன் தென்சரிவிலுள்ள பனியாற்றில் கத்தூன் ஆறு பிறக்கிறது. வடகிழக்கிலுள்ள தெலெத்ஸ்கோயே ஏரியிலிருந்து பீயா ஆறு வெளியேறுகிறது. இவ்விரண்டும் அல்த்தாய் கிராயில் பீஸ்க் அருகே கலந்து, ஆர்க்டிக் பெருங்கடலை நோக்கிப் பாயும் ஓப் ஆறாகின்றன.

தெலெத்ஸ்கோயே ஏறத்தாழ 78 கி.மீ. நீளமும் 325 மீட்டர் வரை ஆழமும் கொண்ட ஒடுங்கிய ஏரியாகும். அதன் கரை நெடுகச் செல்லும் சாலை இல்லை. வடமுனையிலிருந்து தென்முனைக்குப் படகில் செல்லலாம். சாலை வழியே செல்வோர் மலைகளைச் சுற்றிப் பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். வரைபடத்தில் காணும் தொலைவை இங்கே நம்ப இயலாது.

தட்பவெப்பமும் அவ்வாறே இடத்துக்கு இடம் மாறுபடும். ஏரிக்கரைக் காடுகளில் மழை மிகுதி. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றை உயர்ந்த மலைத்தொடர்கள் தடுத்துவிடுவதால், தென்கிழக்கிலுள்ள சூயா புல்வெளி ஆண்டுக்கு 150 மி.மீ.க்கும் குறைவான மழையையே பெறுகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்திலுள்ள அப்புல்வெளியில் இரட்டைத் திமில் ஒட்டகங்களும் யாக்குகளும் வளர்க்கப்படுகின்றன.

எல்லைகள்

ரஷ்ய-சீன எல்லையின் மேற்குப் பகுதி முழுவதும் இக்குடியரசிலேயே அமைந்துள்ளது. ஐம்பத்தைந்து கிலோமீட்டர் அளவேயான இத்துண்டின் ஒரு முனையில் கசக்ஸ்தானும் மறுமுனையில் மங்கோலியாவும் உள்ளன. இவ்விரு நாடுகளும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதற்கு இக்குறுகிய மலைப்பகுதியே காரணம். இவ்விடத்தில் சீனாவுக்குள் செல்லும் சாலை எதுவும் இல்லை. எல்லையை ஒட்டியுள்ள உகோக் பீடபூமி வழியாகச் சீனாவுக்கு எரிவளிக் குழாய் அமைக்கும் திட்டம் 2006இல் அறிவிக்கப்பட்டது. உள்ளூர் மக்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தனர், திட்டம் நிறைவேறவில்லை. உகோக் உள்ளிட்ட ‘அல்த்தாயின் பொன் மலைகள்’ 1998 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமைக் களமாகும்.

மங்கோலியாவுக்கு மட்டும் நல்ல வழி உண்டு. நோவசிபீர்ஸ்கிலிருந்து வரும் சூயா நெடுஞ்சாலை குடியரசை ஊடறுத்து எல்லைச் சிற்றூரான தஷாந்தாவை அடைகிறது.

நிர்வாகப் பிரிவுகள்

குடியரசு, கோர்னோ-அல்த்தாய்ஸ்க் நகரமாகவும் பத்து மாவட்டங்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. அல்த்தாய் மொழியில் மாவட்டம் ‘அய்மக்’ எனப்படும். வடக்கில் மைமா, சோயா, துரொச்சாக், நடுப்பகுதியில் செமால், ஷெபலினோ, ஓங்குதாய், மேற்கிலும் தென்மேற்கிலும் உஸ்த்-கான், உஸ்த்-கோக்சா, கிழக்கில் உலகான், தென்கிழக்கில் கோஷ்-அகாச் ஆகியவை உள்ளன. மாவட்டத் தலைமையிடங்கள் அனைத்தும் சிற்றூர்களே.

மைமா மாவட்டம் தலைநகரைச் சூழ்ந்துள்ளது. உஸ்த்-கோக்சாவின் உய்மோன் பள்ளத்தாக்கில் ரஷ்யத் திருச்சபையிலிருந்து பிரிந்த ‘பழைய நம்பிக்கையாளர்’ குடியேறினர். பின்னாளில் இமயமலையில் வாழ்ந்த ஓவியர் நிக்கொலாய் ரோரிக் 1926இல் இங்கே தங்கினார். உலகானிலுள்ள பசிரிக் புதைமேட்டில் 1949இல் கிடைத்த கம்பளம், உலகின் மிகப் பழைய முடிச்சுக் கம்பளங்களுள் ஒன்றாகும். அது இன்று எர்மித்தாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

கோஷ்-அகாச் குடியரசின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டது. மூன்று அயல்நாடுகளையும் தொடும் ஒரே மாவட்டம் இதுவே. இங்கே சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒருவரே வாழ்கின்றனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடிவந்த கசாக்கியர்களே பெரும்பான்மையினர். அடுத்து அல்த்தாயரின் ஒரு பிரிவினரான தெலெங்கித்துகள். 1993இல் உகோக்கில் நத்தாலியா பலசுமாக் குழுவினர், உறைபனியில் அழியாதிருந்த பெண்ணுடல் ஒன்றை அகழ்ந்தெடுத்து நோவசிபீர்ஸ்குக்குக் கொண்டு சென்றனர். 2003 செப்டம்பர் 27இல் 7.3 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டு பெல்த்தீர் ஊர் அழிந்தபோது, உடலை அகற்றியதே காரணம் என மக்களுள் பலர் கருதினர். நிலவியலார் இதனை ஏற்பதில்லை. ஆயினும் அவ்வுடல் 2012இல் கோர்னோ-அல்த்தாய்ஸ்க் அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது.

நிர்வாக வரலாறு

1756இல் அல்த்தாயரின் தலைவர்கள் ரஷ்யப் பேரரசின் ஆட்சியை ஏற்றனர். 1922இல் ஒய்ரோத் தன்னாட்சி மாகாணம் உருவாக்கப்பட்டது. 1948இல் ஒய்ரோத் என்னும் பெயர் கைவிடப்பட்டு, மாகாணம் கோர்னோ-அல்த்தாய் எனவும், ஒய்ரோத்-தூரா என்றிருந்த தலைநகர் கோர்னோ-அல்த்தாய்ஸ்க் எனவும் மாற்றப்பட்டன. 1991இல் அல்த்தாய் கிராயிலிருந்து பிரிந்து தனிக் குடியரசானது. மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ரஷ்யர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அல்த்தாயர்.

2000களின் நடுப்பகுதியில் கிராயுடன் மீண்டும் இணைக்கும் பேச்சு எழுந்தபோது, தங்கள் மொழியும் பெயரும் தாங்கிய ஆட்சிப் பிரிவு மறைந்துவிடும் என அல்த்தாயர் எதிர்த்தனர். இணைப்பு நிகழவில்லை. 2025இல் சிக்கல் வேறு வடிவில் வந்தது. மாவட்டங்களுக்குக் கீழே இருந்த 90க்கும் மேற்பட்ட ஊரகக் குடியிருப்பு மன்றங்களை நீக்கி, ஒரே அடுக்கு உள்ளாட்சியைக் கொண்டுவரும் சட்டம் முன்வைக்கப்பட்டது. கணவாய்களுக்கு அப்பாலுள்ள ஓர் ஊருக்குத் தன் நிலம் பற்றிய முடிவு தொலைவிலுள்ள மாவட்டத் தலைமையிடத்தில் எடுக்கப்படுவது சிறு மாற்றமன்று. அவ்வாண்டு சூனில் மக்கள் திரண்டு போராடினர். சூயா நெடுஞ்சாலையும் மறிக்கப்பட்டது. எனினும் எல் குருல்த்தாய் எனப்படும் குடியரசின் சட்டமன்றம் அச்சட்டத்தை நிறைவேற்றியது.